ரேஞ்சர் பாறையைப் பற்றி மட்டும் பேசினால் போதுமா?

நானும் என் கல்லூரித் தோழர் ஒருவரும் வெகுநாட்களாக ஒரே விஷயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். இருவரும் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் ஒரே தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், அங்கே பயிர் செய்து வாழ்ந்த பழங்குடி மக்களைப் பூங்காத் துறையே வெளியேற்றிய கதையை ரேஞ்சர் ஒருவர் இலவச நிகழ்ச்சி ஒன்றில் சொன்னார். அதைத் தோழரிடம் ஆர்வத்தோடு சொன்னேன். அவர் முகம் சுளித்தார். “இயற்கையைப் பார்க்கப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு? பாறையைப் பற்றிப் பேசட்டும், கழுகைப் பற்றிப் பேசட்டும். அரசாங்கம் செய்த தவற்றை அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவரே வந்து சொல்லி, விடுமுறைக்கு வந்தவர்களின் மனத்தைக் கெடுப்பானேன்?” என்றார். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. அற்பமான கேள்வி என்று தள்ளிவிட முடிந்திருந்தால் மறந்திருப்பேன். நாலு நாள் லீவு கிடைத்து, ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கூட்டிக்கொண்டு, பின் இருக்கையில் புளியோதரை டப்பாவோடு மூன்றரை மணி நேரம் ஓட்டிப் போகிறவர் நிம்மதியாக இருக்க நினைப்பதில் என்ன தவறு? அதனால்தான் இதை எழுதிப் பார்க்கிறேன்.

நம்மவர்கள் அந்தப் பூங்காவைப் பார்க்கிற விதம் இதைப் படிக்கிற பலருக்கும் பழக்கமானது. மேதர் பாயிண்ட் என்ற காட்சிமுனையில் வண்டியை நிறுத்த இடம் கிடைத்தால் பாதி வெற்றி. விளிம்பில் நின்று படம், குடும்பத்தோடு படம், சால்வை போர்த்திய அம்மாவுக்குத் தனியாக ஒரு படம். மாலைக்குள் அடுத்த ஊர். வண்டிக்குக் கட்டணம் கொடுத்து ஏழு நாட்களுக்குச் செல்லும் டிக்கெட் வாங்குகிறோம். அதில் ஆறரை நாட்களை அப்படியே விட்டுவிட்டு வருகிறோம். பார்வையாளர் மையத்தின் பலகையில் அன்றைய ரேஞ்சர் நிகழ்ச்சிகள் எழுதியிருக்கும். காலையில் புதைபடிவ நடை, மதியம் நிலவியல் பேச்சு, காண்டோர் கழுகு பற்றிய பேச்சு, மாலையில் வரலாற்று நடை. எதற்கும் தனிக்கட்டணம் கிடையாது. காசில்லாமல் கிடைப்பதாலேயே அதன்மேல் கண் நிற்பதில்லை. ஹெலிகாப்டருக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்தவர்கள் அதைப் பற்றி வருடக்கணக்கில் பேசுகிறார்கள். இலவசப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து பேசுகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

நாங்கள் போய் நின்றதற்குக் காரணம் என் மகள். பூங்காவில் குழந்தைகளுக்குத் தருகிற ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் வாங்க வேண்டுமானால் கையேட்டை நிரப்பினால் மட்டும் போதாது, ரேஞ்சர் நிகழ்ச்சி ஒன்றுக்கும் போக வேண்டும். கூட என் மாமனாரும் வந்திருந்தார். அவர் தமிழ்நாடு வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம். அவரைப் பொறுத்தவரை ரேஞ்சர் என்றால் ஜீப்பில் வருகிற மேலதிகாரி. அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். தட்டையான விளிம்புத் தொப்பி வைத்த ஓர் இளம்பெண் குழந்தைகளின் உயரத்துக்குக் குனிந்து, கல்லைக் காட்டி, “இது என்னவாக இருந்திருக்கும், சொல்லுங்கள்” என்று கேட்டபோது அவர் என் காதருகே வந்து, “மாப்பிள்ளை, இவர் நிஜமாகவே ரேஞ்சர்தானா?” என்று கேட்டார்.

நிஜமாகவே ரேஞ்சர்தான். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் சட்டத்தைக் காக்கிற ரேஞ்சர்கள் தனி. இடத்தை விளக்கிச் சொல்கிற ரேஞ்சர்கள் தனி. இரண்டாமவர்களின் வேலை ஒரு நூற்றாண்டுப் பழக்கம். 1916ஆம் ஆண்டு தேசியப் பூங்காப் பணித்துறை உருவானது. அதன் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதர் 1919 கோடையில் டாஹோ ஏரிப் பக்கம் போயிருந்தபோது, அங்கே ஓய்வெடுக்க வந்தவர்கள் பறவைகளையும் மரங்களையும் பற்றிய பேச்சைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்பதைப் பார்த்தார். அதைப் பேசிக்கொண்டிருந்தவர்களான ஹெரால்டு பிரையன்ட், லோய் மில்லர் இருவரையும் அடுத்த ஆண்டே யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு வரவழைத்தார். அங்கே தொடங்கிய சேவையின் பெயரிலேயே ‘இலவச’ என்ற சொல் இருந்தது. வந்தவனிடம் காசு வாங்காமல் இடத்தைப் பற்றிச் சொல்வது அரசின் கடமை என்று ஒருவர் நினைத்திருக்கிறார். சாலை போடுவது, கழிவறை கட்டுவது போலப் பேசுவதும் ஒரு கடமை என்ற அந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடிக்கிறது.

கடலடியில் ஒரு காலை

புதைபடிவ நடையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், என் பேச்சு அதைப் பற்றியது இல்லை. ஆனாலும் அதை விட்டுவிடவும் மனமில்லை. விளிம்பிலே நாம் மிதித்து நிற்கிற வெளிறிய பாறை கைபாப் சுண்ணாம்புக்கல். வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டு. இன்று கடல் மட்டத்திலிருந்து 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அன்று அது ஆழமில்லாத ஒரு கடலின் அடித்தளம். ரேஞ்சர் ஒரு பாறைப்பரப்பின் அருகே எங்களை உட்காரவைத்து, பேசாமல் ஐந்து நிமிடம் தேடச் சொன்னார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கிளிஞ்சல் தெரிந்தது. அது தெரிந்த பின் எங்கு பார்த்தாலும் கிளிஞ்சல்கள், கடற்பஞ்சுகள், கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள். பாறை மாறவில்லை, பார்க்கிற கண் பழகிவிட்டது. தொட்டுப் பார்க்கலாம், எடுத்துப் போகக் கூடாது. என் மகள் ஒரு கடற்பஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தாள்.

பள்ளத்தாக்கின் அடியில் கறுத்துத் தெரிகிற பாறைக்கு விஷ்ணு என்று பெயர், அதற்கு 170 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது என்று கேட்டதும் மாமனாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எதிரே தெரிந்த சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரம்மா கோயில் என்றெல்லாம் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் தொடங்கிவைத்த வழக்கம் அது. ஃபீனிக்ஸிலிருந்து கிளம்பியதிலிருந்து அந்நிய தேசத்தில் இருப்பதாகவே நடந்துகொண்ட மனிதர், அந்தப் பெயர்களைக் கேட்ட பிறகு விளிம்பில் உரிமையோடு நடக்க ஆரம்பித்தார்.

பச்சைத் திட்டு

என் தோழருக்குப் பிடிக்காத விஷயம் நடந்தது மாலை நேர வரலாற்று நடையில். பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்குகிற இடத்துக்கு அருகே, கோல்ப் சகோதரர்களின் பழைய புகைப்பட நிலையத்தின் பக்கத்தில், கைப்பிடிச் சுவரோரம் எங்களை நிறுத்தினார் இன்னொரு ரேஞ்சர். நடுவயதுப் பெண்மணி. கீழே பாருங்கள், காய்ந்த பாறைகளின் நடுவே ஒரு பச்சைத் திட்டு தெரிகிறதா என்றார். தெரிந்தது. மூவாயிரம் அடி கீழே, பாதை வழியாக நாலரை மைல் தூரத்தில், மரங்கள். அங்கே ஊற்று இருக்கிறது. பல தலைமுறைகளாக ஹவசுபாய் என்ற பழங்குடி மக்கள் அங்கே சோளமும் அவரையும் பூசணியும் பயிர் செய்தார்கள். கோடையில் பள்ளத்தில் வேளாண்மை, குளிர்காலத்தில் மேட்டுக்காட்டில் வேட்டை. நாங்கள் நின்ற பாதையே அவர்கள் கால்கள் போட்ட தடத்தின்மேல் அமைந்ததுதான்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். 1882ஆம் ஆண்டு ஹவசுபாய்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம், மேற்கே ஒரு கிளைப் பள்ளத்தாக்குக்குள் வெறும் 518 ஏக்கர். 1893ஆம் ஆண்டு சுற்றியிருந்த மேட்டுக்காடு அரசு வனமானது. 1919ஆம் ஆண்டு இந்த இடம் தேசியப் பூங்கா ஆனது. தோட்டத்தில் மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேற வேண்டியதாயிற்று. கேப்டன் பர்ரோ என்று அழைக்கப்பட்ட கடைசி மனிதர் 1928ஆம் ஆண்டு பலவந்தமாக வெளியேற்றப்பட்டார். வெளியேற்றியது தேசியப் பூங்காப் பணித்துறை. அதைச் சொல்லும்போது அந்தப் பெண்மணி தன் கைச்சட்டையில் தைத்திருந்த அம்புமுனைச் சின்னத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “இந்தச் சின்னத்தை அணிகிற துறை” என்றார். குரலை உயர்த்தவில்லை. பரிதாபம் வரவழைக்கவும் முயலவில்லை.

அதே 1928ஆம் ஆண்டு கீழே கொலராடோ ஆற்றின்மேல் தொங்குபாலம் கட்டினார்கள். அதன் பெரிய கம்பிவடங்கள் ஒவ்வொன்றும் ஒரு டன் எடை. கோவேறு கழுதைகளால் அந்த வளைவுகளில் கொண்டுபோக முடியாத வடத்தை 42 பேர் வரிசையாகத் தோளில் ஏற்றி ஆற்றங்கரை வரை இறக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஹவசுபாய் ஆண்கள். இன்றும் அந்தப் பாலத்தில் மலையேறிகள் ஆற்றைக் கடக்கிறார்கள். ஒரே ஆண்டில் ஒரு கையால் துரத்தியும் மறுகையால் சுமக்கவைத்தும் இருக்கிறார்கள். இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு ஆறவில்லை.

பச்சைத் திட்டின் பெயரையும் சொன்னார். 2022 வரை பூங்கா வரைபடங்களில் அது ‘இந்தியன் கார்டன்’. ஹவசுபாய் பழங்குடி அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் அந்த ஆண்டு நவம்பரில் ‘ஹவசுபாய் கார்டன்ஸ்’ என்று மாற்றப்பட்டது. காலையில் விஷ்ணுவையும் சிவனையும் கேட்டு நிமிர்ந்து நடந்த மாமனார் இதைக் கேட்டு அமைதியாகிவிட்டார். உலகத்தின் மறுகோடியில் இருக்கிற சாமிகளுக்குச் சிகரம் கிடைத்திருக்கிறது. ஊற்றடியில் உழுதவர்களுக்குத் தங்கள் தோட்டத்தின்மேல் தங்கள் பெயரை எழுதிக்கொள்ள ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

கூட்டத்தில் முன்னாள் படைவீரர் தொப்பி அணிந்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் கையை உயர்த்தி, “அப்படியானால் இங்கே வந்ததற்கு நான் வெட்கப்பட வேண்டும் என்கிறீர்களா?” என்று கேட்டார். கோபம் இருந்தது, கூடவே உண்மையான தவிப்பும் இருந்தது. என் தோழர் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான். ரேஞ்சர் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார். “இல்லை. நீங்கள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. நாளை இந்தப் பாதையில் இறங்கினால் அங்கே நிழலில் உட்காருவீர்கள். அது யாருடைய தோட்டம் என்று தெரிந்து உட்காருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது” என்றார். பெரியவர் தலையாட்டவும் இல்லை, கிளம்பிப் போகவும் இல்லை. நடை முடிந்த பின் அவரும் ரேஞ்சரும் சுவரோரம் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அப்போதுதான் மாமனார் என் முழங்கையைத் தொட்டார். “மாப்பிள்ளை, நான் ஒன்று கேட்க வேண்டும், நீங்கள் இங்கிலீஷில் கேளுங்கள்” என்றார். நிலத்தைப் பற்றியோ நஷ்ட ஈட்டைப் பற்றியோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. “அந்தப் பெரியவரை வெளியேற்ற இறங்கிப் போனாரே, அந்தக் கீழ்நிலைப் பணியாளர், அவர் அதைப் பற்றி எங்காவது எழுதிவைத்திருக்கிறாரா?” இதுவரை தன்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் ரேஞ்சர். தான் படித்தவரை அப்படி ஒரு குறிப்பைப் பார்த்ததில்லை என்றும், தேடிப் பார்ப்பதாகவும் சொன்னார். பிறகு, நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவரைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரவு விடுதிக்குத் திரும்பும் வழியில் மாமனார் தானாகப் பேசினார். பணியில் சேர்ந்த புதிதில், குடிசைகளைப் பிரித்துக்கொண்டு கீழே இறங்கச் சொல்லும் கடிதத்தை ஒரு மலைக்குடியிருப்புக்கு இவர்தான் கொண்டுபோனாராம். படித்துக் காட்டியதும் இவர்தானாம். அவர்கள் இவரை உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தார்களாம். “காட்டைக் காக்க வேண்டும் என்றுதான் போனோம். காட்டைக் காத்தோம், அதுவும் உண்மைதான்” என்றார். டாப்சிலிப்புக்கு வருகிறவர்கள் கோழிகமுத்தி முகாமில் யானையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். யானையை வைத்திருக்கிற பாகன் மலசர் இனத்தவர் என்பதையும், அவர் முன்னோர்களுக்கும் அந்தக் காட்டுக்கும் என்ன உறவு என்பதையும் தன் பணிக்காலத்தில் யாரும் வந்தவர்களுக்கு நின்று சொன்னதில்லை என்றார். வன உரிமைச் சட்டம் 2006ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சட்டத்தில் ஏறிய செய்தி சுற்றுலாப் பயணியின் காதுக்கு ஏறவில்லை.

பாறையும் கழுகும் சும்மா இருக்கின்றனவா?

இனி என் தோழருக்கான பதில். பாறையைப் பற்றி மட்டும் பேசு என்று ஒரு ரேஞ்சரிடம் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தெற்கு விளிம்பிலேயே, பவல் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில், ஆர்ஃபன் சுரங்கம் இருக்கிறது. 1956 முதல் 1969 வரை அங்கே யுரேனியம் தோண்டினார்கள். பாறையைப் பற்றி நேர்மையாகப் பேசினால் அந்த வேலியைக் கடந்து போக முடியாது. சரி, கழுகைப் பற்றி மட்டும் பேசட்டும். கலிஃபோர்னியா காண்டோர் 1982ஆம் ஆண்டு உலகத்திலேயே 22தான் மிஞ்சியிருந்தது. மிஞ்சியதையெல்லாம் பிடித்து வளர்த்து, 1996ஆம் ஆண்டு முதல் அரிசோனாவில் திரும்பப் பறக்கவிட்டார்கள். ஒன்பதரை அடி நீளத்துக்குச் சிறகு விரிக்கிற அந்தப் பறவையை இன்று அதிகமாகக் கொல்வது எது? வேட்டையாடப்பட்ட விலங்கின் மிச்சத்தில் கிடக்கிற ஈயக் குண்டின் துணுக்கு. அரிசோனா வேட்டைக்காரர்கள் பலர் தாங்களாகவே ஈயமில்லாத குண்டுக்கு மாறியிருக்கிறார்கள். அதையும் சேர்த்துத்தான் ரேஞ்சர் சொல்வார். குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் அந்த மாற்றத்தையும் சொல்ல முடியாது. ஹவசுபாய் கதையும் அப்படித்தான். 1975 ஜனவரியில் சட்டம் இயற்றி 1,85,000 ஏக்கரை அந்த மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பறித்ததைச் சொல்லாதவர் திருப்பிக் கொடுத்ததை எப்படிச் சொல்வார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிரைட் ஏஞ்சல் பாதைக்கு ஒரு காலத்தில் சுங்கம் இருந்தது. ரால்ஃப் கேமரன் என்பவர் அதைத் தன் உரிமை என்று வைத்துக்கொண்டு இறங்குகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கினார். பின்னாளில் செனட்டராகவும் ஆனார். அந்தச் சுங்கம் இருந்திருந்தால் சுவரோரக் கதையைச் சொல்ல ஆளை வைத்திருப்பாரா? காசு கொடுத்துக் கூட்டிப் போகிற வழிகாட்டிகளில் நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் கேட்பவர் முகம் வாடினால் அவர்களுடைய வருமானம் வாடும். ரேஞ்சருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாம் வாங்காத பொருளை நம் விருப்பத்துக்கு வளைத்துத் தரும்படி கேட்க முடியாது. அந்த மாலையில் நான் கேட்ட பேச்சின் பலம் இலவசத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் சம்பளம் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். 2025 பிப்ரவரியில் பூங்காப் பணித்துறையில் தகுதிகாண் பருவத்திலிருந்த சுமார் ஆயிரம் பேரை வேலையைவிட்டு நீக்கினார்கள். மார்ச் 27ஆம் தேதி அமெரிக்க வரலாற்றைச் சொல்லும் விதம் பற்றி அதிபரின் ஆணை வந்தது. அதையொட்டி ஜூன் மாதம் பூங்காக்களில் அறிவிப்புப் பலகைகள் வைத்தார்கள். கடந்தகால, இக்கால அமெரிக்கர்களைக் குறைத்துச் சொல்கிற எதையும், நிலக்காட்சியின் அழகையும் பெருமையையும் வலியுறுத்தத் தவறுகிற எதையும் பார்த்தால் தெரிவியுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்கிற பலகை. கைபேசியால் படிக்கக் கட்டக்குறியும் (QR) உண்டு. வேறொரு பூங்காவில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்த அம்புமுனைச் சின்னமும் அதைத் தொட்ட விரலும்தான் நினைவுக்கு வந்தன. இந்த ரேஞ்சர்களில் பலர் பருவகாலப் பணியாளர்கள். ஆறு மாதம் ஒரு பூங்கா, அடுத்த ஆறு மாதம் எங்கே என்று தெரியாது. அப்படிப்பட்டவர் சுவரோரம் நின்று ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் எதிரே நிற்கிறவர்களின் கைபேசியைப் பார்க்க வேண்டியிருந்தால், அந்த வாக்கியம் நாளடைவில் சுருங்கும், பிறகு நின்றுபோகும். யாரும் தடை போட வேண்டியதே இல்லை.

அந்தக் கட்டக்குறியைப் பயன்படுத்தினேன். ஹவசுபாய் தோட்டத்தைப் பற்றி ஒரு ரேஞ்சர் சொன்னதைக் கேட்டேன், அதில் நீக்க வேண்டியது ஒரு சொல்லும் இல்லை, என் ஒன்பது வயது மகள் அதைக் கேட்டது அவளுக்கு நல்லது, வீரர் தொப்பி அணிந்த பெரியவர் போகாமல் நின்று பேசியது அந்தப் பூங்காவுக்கே பெருமை என்று எழுதினேன். நீங்கள் போனாலும் எழுதுங்கள். பாராட்டும் அதே பெட்டிக்குத்தான் போகிறது.

தோழரிடம் இதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. பாதிக்கு ஒப்புக்கொள்கிறார். மீதிப் பாதியில் அவர் எடுத்துவைத்த ஒரு வாதம் என்னையும் அசைத்தது. துரத்தப்பட்டவர்களின் கதையைத் துரத்திய துறையின் ஊழியர் சொல்வதைவிட அவர்களே சொல்வதல்லவா முறை என்றார். முறைதான். பூங்காவின் கிழக்குக் கோடியில், மேரி கோல்ட்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1932ஆம் ஆண்டு கட்டிமுடித்த காவற்கோபுரம் இருக்கிற டெசர்ட் வியூவில், இந்தப் பள்ளத்தாக்கோடு உறவுள்ள பழங்குடிக் கலைஞர்கள் வந்து தங்கள் கைவேலையைச் செய்து காட்டியபடி வந்தவர்களோடு பேசுகிறார்கள். அதற்கும் தனிக்கட்டணம் இல்லை. நாங்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. மாமனாருக்கு அடுத்த கோடையில் வர விசா இருக்கிறது. அங்கே முதலில் போக வேண்டும் என்று தொலைபேசியில் இப்போதே சொல்லிவிட்டார். ரேஞ்சரிடம் பதில் கிடைக்காத அந்தக் கேள்வியை அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கலாமா, கேட்டால் தவறாக நினைப்பார்களா என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.